ஐந்து கட்டைத் தூரம்

உயிலங்குளத்துக் கோயில் மண்டபத்தின் வாசலில் மேசையொன்று போட்டு, கழுத்தில் விசிலும் கையில் பதிவுக் கொப்பியுமாக ஒரு தொண்டர் உட்கார்ந்திருந்தார். ஓகஸ்ட் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று மணி. மடு மாதா திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாட்கள் முழுதாக இருந்தன. மன்னாரிலிருந்து மடுவுக்குப் போகும் வீதி நெடுக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"எந்தப் பங்கு?"

"பேசாலை."

"பேசாலைப் பங்கு நாளைக்குத்தானே வருது. நூற்றிப்பத்துப் பேர். பேரெல்லாம் இஞ்ச இருக்கு. உங்கட பேரென்ன?"

"அம்புறோஸ். மனுசி மதலேனா. நாங்கள் பங்கோட வரேல்லை. தனியா வெளிக்கிட்டனாங்கள்."

தொண்டர் கொப்பியை மூடினார். "அண்ணை, மாதா எல்லாருக்கும் தாய்தான். ஆனா பாய் என்னட்ட நாப்பதுதான் இருக்கு. உள்ளுக்க இருநூறு பேர். நீர்கொழும்பு ஆக்கள் அந்தப் பக்கம், சிலாபம் ஆக்கள் இந்தப் பக்கம், நடுவில அவையின்ர குறட்டை."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்புறோஸும் மரியாதைக்குச் சிரித்தார். "எனக்கு வேண்டாம் தம்பி. மனுசிக்கு மட்டும், ஒரு மூலையில. காய்ச்சல் காயுது."

"காய்ச்சல் எண்டால் இன்னும் ஏலாது. ஒருத்தருக்கு வந்தால் காலையில இருநூறு பேருக்கும் வந்திடும். பள்ளிக்கூடத்தில கேட்டுப் பாருங்கோ."

பள்ளிக்கூடத்தில் காவலாளி கதவைத் திறக்கவில்லை. பங்குத் தந்தையின் கடிதம் இருந்தால் மட்டும் என்று கம்பிகளுக்கு இடையால் சொன்னார். போன வருடம் கடிதமில்லாமல் வந்தவர்கள் இரண்டு தண்ணீர்க் குழாய்களை உடைத்துவிட்டுப் போனார்களாம். பிள்ளையார் கோயில் மடத்தில் வவுனியாவிலிருந்து வந்த பெண்கள் ஏற்கெனவே சேலைகளை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். சங்கக் கடை விறாந்தையில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. அடுத்த வீட்டு முற்றத்தில் மலசலகூடத்துக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. அந்த வீட்டுக்காரர் அம்புறோஸ் வாயைத் திறக்க முதலே கையை விரித்தார்.

வீதியோரம் படுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இரண்டு நாட்களுக்கு முன் படுத்திருந்தவர்கள் மேல் ஒரு லொறி ஏறப் பார்த்ததாம். பொலிஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியுடன் மேலும் கீழும் போய், படுத்தவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது மதலேனா கோயில் மதில் ஓரம், விட்ட இடத்திலேயே இருந்தாள். கால்களை நீட்டியிருந்தாள். பேசாலையில் வீட்டுப் படியிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் காலில் செருப்பில்லை. முதல் நாள் உப்புக்குளத்தில், அம்புறோஸிடம் மீன் எடுக்கும் வியாபாரியின் தாய் ஆசியா உம்மா தன் வீட்டில் தங்க வைத்து, காலுக்குத் துணி சுற்றி விட்டிருந்தார். இரண்டாம் நாள் பகலில் தார் இளகியது. கொப்புளங்கள் உடைந்து, துணி காலோடு ஒட்டிவிட்டது.

"கிடைச்சதோ?" என்றாள்.

"முன்னுக்கு ஒரு கொட்டில் இருக்காம். கொஞ்சம் நடப்பம்."

அப்படி ஒரு கொட்டில் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவர்களுடைய மகன் மில்ரனுக்கு இருபத்துநாலு வயது. இருபத்தாறு நாட்களுக்கு முன், சோளகக் காற்றில் வள்ளத்தைக் கரையேற்றும்போது அலை புரட்டியதில் விளிம்பு அவன் தலையில் அடித்தது. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண் திறவாமல் கிடந்தான். அக்கா டிலோஜினி பக்கத்தில் நின்றாள். செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று, இனி அவனுடைய உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டொக்டர் சொன்ன அன்று மதலேனா பேசாலைக்குத் திரும்பி வந்து நேர்த்தி வைத்தாள். வீட்டுப் படியிலிருந்து மடுக் கோயில் படிவரை வெறுங்காலோடு நடப்பது, வழியில் ஒரு வாகனத்திலும் ஏறுவதில்லை, பெருநாளைக்கு முதல் நாள் வேஸ்பர் என்ற மாலை ஆராதனைக்குள் போய்ச் சேருவது. பங்குக்காரர் வெளிக்கிட ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளை அவளால் வீட்டில் இருந்து கழிக்க முடியவில்லை. ஆகவே கொப்பியில் அவர்களுடைய பெயர் இல்லை.

சந்தியைத் தாண்டி அரைக் கட்டை தூரம், அரை மைல், போவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. ஒரு மதகின் சுவரில் மதலேனா உட்கார்ந்தாள். பிறகு சரிந்தாள். அம்புறோஸ் அவளுடைய தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் விட்டார். நெற்றி சுட்டது. டிலோஜினிக்கு எடுத்துக் கேட்கலாமென்றால் கைத்தொலைபேசி மத்தியானமே செத்துவிட்டிருந்தது. நடந்து போனவர்கள் "மரியே வாழ்க" என்று சொல்லிக்கொண்டு கடந்தார்கள். ஒரு பெண் குளுக்கோஸ் பைக்கற்றொன்றைத் தந்துவிட்டுத் தன் கூட்டத்தைப் பிடிக்க ஓடினாள்.

அப்போதுதான் வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையில் கட்டியிருந்த உறுமாலை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"என்ன அண்ணை, அக்காவுக்குச் சுகமில்லையோ?"

"காய்ச்சல். தங்க இடமில்லை. எல்லா இடமும் கேட்டுப் பாத்திட்டன்."

அவருடைய பெயர் பரமநாதன். ஐந்து கட்டை தள்ளி, முருங்கனுக்கு இந்தப் பக்கம் வயல் செய்கிறவர். "எங்கட வீட்டில ஒரு அறை இருக்கு. வருசா வருசம் நடந்து போற ஆக்களுக்குத்தான் விடுறது. காலையில இருந்தவை போயிட்டினம். ஆனா இப்ப வாசலில ஆர் முதல் வந்து நிண்டாலும் என்ர மனுசி குடுத்துப்போடுவா. 'இல்லை' எண்ட சொல்லு அவவின்ர வாயில வராது, என்னட்டத் தவிர."

"கோல் எடுத்துச் சொல்ல ஏலாதோ?"

"அவவின்ர போன் அலுமாரிக்குள்ள நகையோட இருக்கும். நல்ல நாள் பெருநாளுக்குத்தான் வெளியில வரும்." பரமநாதன் சிரித்துவிட்டு மதலேனாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏத்துங்கோ அண்ணை. உவ நடக்கமாட்டா."

"நேர்த்தி தம்பி. வாகனத்தில ஏறுறதில்லை எண்டு."

"அது எனக்கு விளங்காது. ஆனா உப்பிடியே விட்டால் இரவு தாண்டாது."

நடை நேர்த்திக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியில் விழுந்து, மருந்துக்காக வாகனத்தில் போக நேர்ந்தால், நடை விட்ட இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். தேறியதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, கல்லை எடுத்துப்போட்டு, அங்கிருந்து தொடர்வார்கள். வாகனம் கொண்டுபோன தூரம் நடந்த தூரமாகாது. ஆனால் கல்லை நேர்த்தி வைத்தவரே தன் கையால் வைக்க வேண்டும்.

அம்புறோஸ் மதலேனாவின் தோளை இரண்டு தரம் உலுக்கினார். "மதலேனா, இஞ்சாரும். ஒரு கல்லு வச்சுவிடும்." அவளுடைய கண்கள் பாதி திறந்து மூடின. அவர் அவளுடைய விரல்களை ஒரு சல்லிக்கல்லைச் சுற்றி மடக்கிப் பார்த்தார். கல் நழுவி விழுந்தது. பரமநாதன் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார். அம்புறோஸ் கல்லைப் பொறுக்கி, தானே மதகுச் சுவரின் மேல் வைத்தார். மாதாவே, நாளைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இதிலேயே விடுகிறேன் என்று மனதுக்குள் சொன்னார். இரண்டு பேருமாகத் தூக்கி அவளைப் பெட்டிக்குள் வைக்கோல் மேல் கிடத்தினார்கள்.

உழவு இயந்திரம் ஓட ஓடக் காற்று வந்தது. சிறுபோகம் வெட்டிய வயல்களுக்கு மேலால் வந்த அந்தக் காற்றில் வெக்கை இல்லை. மதலேனாவின் முகம் சற்றுத் தெளிந்தது போல் இருந்தது. இருபத்தாறு நாட்களில் முதல் முறையாக அம்புறோஸுக்கு ஒரு ஆறுதல் வந்தது. பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி, அவர் கண்ணை மூடினார்.

பரமநாதனின் மனைவி பரமேஸ்வரி வாசலில் நின்றாள். நல்ல காலம், அறையை அவள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. புத்தளத்திலிருந்து வந்த எட்டுப் பேருடன் பேசிக்கொண்டிருந்தாள். மதலேனாவைக் கண்டதும் எட்டுப் பேரும் தாங்களாகவே ஒதுங்கினார்கள். நெல் மூட்டைகள் அடுக்கிய அறை, ஒரு கட்டில், சுவரில் பிள்ளையார் படம். பரமேஸ்வரி உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து உரித்தாள். "இதென்ன கால் அக்கா, இறைச்சிக் கடை மாதிரி" என்று திட்டிக்கொண்டே மஞ்சளும் எண்ணெயும் பூசினாள். இரண்டு பனடோல், ஒரு கோப்பை கஞ்சி. மதலேனா சுவர்ப் பக்கம் திரும்பி உறங்கினாள். அம்புறோஸ் தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு நிலத்தில் சாய்ந்தவர், விடியும்வரை புரளவில்லை.

அவர் எழும்பியபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

பரமேஸ்வரி கிணற்றடியில் நின்றாள். "அக்கா நாலு மணிக்கே எழும்பிட்டா. காய்ச்சல் விட்டிருந்தது. 'நாங்கள் இஞ்ச எப்பிடி வந்தனாங்கள்' எண்டு கேட்டா. இவற்ற ரைக்டரில தானே எண்டன். உடன வெளிக்கிட்டா. கட்டின துணியையும் அவிட்டு வச்சிட்டுப் போறா. மடுப் பக்கம் போவா எண்டு பாத்தால், மன்னார்ப் பக்கம் திரும்பினா. நான் பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை" என்றார் அம்புறோஸ்.

மதலேனா எங்கே போயிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். செருப்பைத் தேட உள்ளே போனபோது தொலைபேசியை எடுத்து உயிர்ப்பித்தார். தவறிய அழைப்புகள் பதினேழு. எல்லாம் டிலோஜினி. அவர் அழுத்துவதற்குள் அதுவே ஒலித்தது.

"அப்பா, எங்க நிண்டனீங்கள்? எத்தினை தரம் எடுத்தனான்!" அதன் பிறகு அவள் பேசவில்லை. பேசாமல் இருந்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. நெல் மூட்டையொன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எப்ப பிள்ளை?"

"நேற்றுப் பின்னேரம்."

"எத்தினை மணிக்கு?"

"என்னப்பா?"

"எத்தினை மணிக்கு எண்டு கேக்கிறன்."

"ஆறு பத்து எண்டு எழுதியிருக்கினம். நான் பக்கத்திலதான் நிண்டனான். மெசின்ல கோடு..." அவள் அழுதாள்.

ஆறு பத்துக்கு அவர் பெட்டிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார்.

"டிலோஜினி, கேளு. அம்மாவுக்கு நான் சொல்லுறன். அம்மா உன்னட்டக் கேட்டால் நாலு மணி எண்டு சொல்லு."

"ஏனப்பா?"

"நாலு மணி. சொல்லு எண்டால் சொல்லு பிள்ளை. ஆறு எண்டால் உன்ர அம்மா இருக்கமாட்டா."

"சரியப்பா."

செய்தி கேட்ட பரமநாதன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வீதியில் எல்லாரும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நீலக் கொடிகள், செபமாலைகள், தலையில் பாய்ச்சுருட்டு, ஒரு தள்ளுவண்டியில் கால் இல்லாத ஒரு மனிதர். அவர்கள் எல்லோரும் போகும் திசைக்கு எதிராகத் தன் மனைவி ஐந்து கட்டையும் நடந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். மதகுக்குச் சற்று முன்பாக இறங்கிக்கொண்டார். "நான் போய்ப் பையையும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வானோட வாறன்" என்று பரமநாதன் திரும்பினார்.

மதலேனா மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பாதங்களில் மண்ணும் இரத்தமும் அப்பியிருந்தன. அவர் வைத்த கல் அவளுடைய கையில் இருந்தது.

"இது நான் வச்சதில்லை" என்றாள்.

"ஓம். நான்தான் வச்சனான்."

"நீங்கள் வச்சால் எப்பிடிச் சரி வரும்? என்ர நேர்த்தி." குரலில் கோபமில்லை. "பரவாயில்லை. நான் இதில இருந்து திரும்ப நடக்கிறன். இண்டைக்கு முழுக்க நடந்தால் நாளைக்கு வேஸ்பருக்குப் போயிடலாம். இடம் தேடி நிக்கவேண்டாம். தங்க வேண்டாம்."

அவள் எழும்பக் கையை ஊன்றினாள். அம்புறோஸ் அவளுடைய தோளைப் பிடித்து இருத்தினார்.

"மதலேனா. டிலோஜினி எடுத்தவள்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கல் கையிலிருந்து விழவில்லை. அவள் அதை இறுக்கிப் பிடித்தாள். நடந்து போன கூட்டம் ஒன்று பாட்டை நிறுத்தாமல் விலகிப் போனது.

"ரைக்டரில ஏறினதுக்குப் பிறகோ?"

"இல்லை. முதல். நாலு மணிக்கு. அப்ப நாங்கள் ரைக்டரைக் காணவே இல்லை. அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, நீர் அதை நினையாதேயும்."

"நாலு மணிக்கோ?"

"நாலு மணிக்கு."

"நீங்கள் பள்ளிக்கூடத்தில கேக்கப் போன நேரம்."

"ஓம்."

மதலேனா தலையை ஆட்டினாள். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு ஆட்டுவதை நிறுத்த அவளால் முடியவில்லை.

"நான் அப்ப மதிலோரம் இருந்து மாதாவிட்டக் கேட்டனான்," என்றாள். "கால் சுட்டது. ஆரும் இடம் தரேல்லை. எனக்கு ஏலாமப் போச்சுது. ஒண்டில் அவனை எழுப்பு, இல்லாட்டி எடுத்துக்கொள், என்னை இனி நடக்க விடாதை எண்டு கேட்டனான். கோயில் மணி நாலு அடிச்சது. அடிக்கேக்க கேட்டனான்."

அம்புறோஸ் அவளுக்குப் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார்.

"எடுத்திட்டா" என்றாள் மதலேனா. "நான் கேட்ட உடன எடுத்திட்டா."

"இல்லை மதலேனா. நாலு மணி இல்லை. நான் பொய் சொன்னனான். ஆறு பத்து. ரைக்டரில போகேக்கதான். நான்தான் உம்மைத் தூக்கி ஏத்தினனான். நேர்த்தியை முறிச்சது நான்."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையை நீட்டினாள். "போனைத் தாங்கோ."

"நான் சொல்லுறன்தானே..."

"தாங்கோ."

அவளே எண்ணை அழுத்தினாள். காதில் வைத்ததும் அழவில்லை. "பிள்ளை, அம்மா. அழாதை. ஒண்டு மட்டும் சொல்லு. தம்பி எத்தினை மணிக்குப் போனவன்?"

அம்புறோஸ் தொலைபேசிக்கு எட்டிக் கத்தினார். "உண்மையைச் சொல்லு பிள்ளை! அப்பா சொன்னதை விடு!"

தகப்பனின் குரல் மறுமுனையில் எப்படிக் கேட்டதோ தெரியாது. டிலோஜினி விடிய விடிய உறங்காதவள். தாயைக் காப்பாற்ற ஒரே ஒரு வேலைதான் அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

"நாலு மணிக்கு அம்மா," என்றாள். "சரியா நாலு மணிக்கு."

மதலேனா தொலைபேசியை அணைத்து அவரிடம் கொடுத்தாள்.

"நான்தான் அவளை அப்பிடிச் சொல்லச் சொன்னனான்," என்றார் அம்புறோஸ். "காலையில. மாதா ஆணையாச் சொல்லுறன். ஆஸ்பத்திரித் துண்டில எழுதியிருக்காம், பாக்கலாம், நான் காட்டுறன்."

"விடுங்கோ." அவள் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தாள், காய்ச்சலில் கிடப்பவனைத் தட்டுவது போல. "என்ர பாவத்தை நீங்கள் தூக்கப் பாக்கிறீங்கள். நீங்கள் எப்பவும் நல்ல மனுசன்தான். எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ."

வான் வந்து நின்றது. பரமநாதன் பையுடன் இறங்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்புறோஸை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மனுசி கேட்டு விட்டவ. வாசலில ஆறு பேர் நிக்கினம், ஒரு கிழவியும் இருக்கிறா. அறையைக் குடுக்கட்டாமோ?"

"குடுக்கச் சொல்லுங்கோ" என்றார் அம்புறோஸ்.

அவர் திரும்பியபோது மதலேனா எழும்பியிருந்தாள். மடுப் பக்கமாக ஒரு தரம் பார்த்தாள். பிறகு யாருடைய கையையும் பிடிக்காமல், புண்பட்ட காலைத் தூக்கிப் படியில் வைத்து, வானுக்குள் தானாகவே ஏறி, மூலை இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநர் எங்கே போவது என்று கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள்.

"பேசாலைக்கு. கெதியாப் போங்கோ தம்பி, அவனைக் கொண்டு வர முதல் வீடு கூட்ட வேணும்."